மற்ற அம்மா சொன்ன சட்டம்

மத்தியானச் சாப்பாடு முடிந்து, குசினியைத் துடைத்து, யன்னல் சீலையை இழுத்துவிட்டால் எங்கள் அறை தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல ஆகிவிடும். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் மூன்றாம் மாடி. கடலை நேரே பார்க்க முடியாது. முன்னால் இன்னொரு தொடர்மாடி எழும்பிவிட்டது. ஆனால் அதன் கண்ணாடிகளில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் எங்கள் அறையின் மேல் தட்டில் வந்து ஆடும். மகள் மல்லாந்து கிடந்து அதைப் பார்ப்பாள். கீழே ரயில் போகும்போது கட்டில் மெல்ல நடுங்கும். தலையணைக்குப் பக்கத்தில் என் தொலைபேசி கிடக்கும். அதற்குள்ளிருந்து என் குரல் சொல்லிக்கொண்டிருக்கும்:

"சட்டத்தின் முன் ஆட்கள் எல்லாரும் சமம். சட்டத்தின் பாதுகாப்புக்கு எல்லாரும் சமமான உரித்துடையவர்கள்..."

அவளுக்குத் தாலாட்டு அதுதான். இரண்டு வயதை நெருங்கிக்கொண்டிருந்த பிள்ளைக்கு நான் அரசியலமைப்பைப் பாடி நித்திரையாக்கினேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். பாடவும் இல்லை, வாசித்தேன். வாசித்ததும் நான் இல்லை, தொலைபேசி. நான் அடுத்த அறையில் மேசைக்கு முன்னால் இருந்தேன்.

நிர்வாக சேவைக்கான போட்டிப் பரீட்சைக்கு நான் முதல் தடவை போனபோது அவள் என் வயிற்றில் இருந்தாள். இரண்டாவது தாளின் நடுவில் வாந்தி வந்தது. கையை உயர்த்தி அனுமதி கேட்டு வெளியே போனேன். குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன். மண்டபத்துக்குத் திரும்பி நடக்க என் கால்களுக்கு விருப்பமில்லை. அன்று வீட்டுக்கு வந்து, "அடுத்த முறை," என்று கணவரிடம் சொன்னேன். அவரும், "அடுத்த முறை பாப்பம்," என்றார். அதை நாங்கள் இருவரும் லேசாகத்தான் சொன்னோம். பிறகுதான் வயதெல்லையைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அடுத்த முறைக்கு நான் மயிரிழையில் உள்ளே இருப்பேன். அதற்கடுத்த முறைக்கு இருக்க மாட்டேன்.

ஏன் அந்த வேலை என்று கேட்டால் இன்றைக்கும் எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியாது. நாட்டுக்குச் சேவை என்று கட்டுரையில் எழுதலாம். உண்மையில் எனக்கு ஒரு மேசை தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் யாரோ களைத்துப்போய் வந்து உட்காருகிறார். அவருடைய சிக்கலைக் கேட்டுவிட்டு, இதை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று நான் சொல்லுகிறேன். அவ்வளவுதான் படம். பட்டம் முடித்த நாளிலிருந்து அந்தப் படம் எனக்குள் இருந்தது. குழந்தைக்கு அரிசிக் கஞ்சி ஊட்டும்போதும், கொடியில் துணி போடும்போதும் அது வந்து போகும். அதில் என் முகம் மட்டும் தெளிவாக இராது.

கணவருக்கு இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடிந்ததும் போனால் பொழுதுபடத்தான் வருவார். என் அம்மாவும் அப்பாவும் தம்பியோடு கனடாவில். மாமி, கணவரின் அம்மா, கொட்டாஞ்சேனையில்; ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வகுப்புக்குப் போகும்போது மாதா கோயிலில் காலைப் பூசைக்குப் பாடி முடித்த கையோடு பஸ் ஏறி வந்து பிள்ளையைப் பார்ப்பார். மற்ற நாட்களில் நானும் மகளும் மட்டும். புத்தகத்தை விரித்தால் அவள் அதன்மேல் ஏறி உட்காருவாள். ஆகவே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். காலையில் சோறு வேகும்போது, அவள் சட்டி மூடிகளோடு விளையாடும்போது, என் குறிப்புகளைச் சத்தமாக வாசித்துத் தொலைபேசியில் பதிந்துகொண்டேன். மத்தியானம் அதை ஓடவிட்டால் அவளும் நித்திரை, நானும் ஒரு தடவை கேட்டமாதிரி. எனக்கே என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

அந்தக் குறிப்புகள் எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்ல வேண்டும். சிங்களத்தில் இந்தப் பரீட்சைக்குப் புத்தகமும் காணொளியும் கொட்டிக் கிடக்கும். தமிழில் கிடைப்பது பிரதி எடுத்துப் பிரதி எடுத்து எழுத்து மங்கிப்போன சில கையேடுகள். இணையத்தில் தமிழ் என்று தட்டினால் வருவதெல்லாம் அக்கரையிலிருந்து, இந்தியாவிலிருந்துதான். அங்கே பருத்திச் சேலை கட்டிய ஒரு பெண் வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்று நடத்துவார். அவசரமே இல்லாத குரல். ஒரு விடயத்தைச் சொல்லிவிட்டு, அது நமக்குள் இறங்கும்வரை சிரித்துக்கொண்டு நிற்பார். எனக்கு அவரைக் கேட்டபடியே இருக்கலாம்போல இருக்கும். அவர் சொல்வது அவருடைய நாட்டைப் பற்றி என்று எனக்குத் தெரியும்தான். நான் என்ன செய்தேன் என்றால், மாநிலம் என்று வந்த இடமெல்லாம் மாகாணம் என்று மாற்றினேன். ஆட்சியரை அரசாங்க அதிபராக்கினேன். வாசிக்கும்போது எல்லாம் நம்முடையதுபோலவே கேட்டது. பெயர்ப்பலகையை மாற்றிவிட்டு, உள்ளே இருக்கும் சாமான்களும் மாறிவிட்டன என்று நினைத்திருக்கிறேன்.

வகுப்பு காலி வீதியில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில். படிப்பித்தவர் என்னைவிட இளையவர். சில வருடங்களுக்கு முன் அதே பரீட்சையில் தேறியவர். நாங்கள் அவரைச் சேர் என்போம், அவர் என்னை அக்கா என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தாளைத் திருத்திக் கொண்டுவந்தவர், என்னுடையதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, ஒரு சின்ன டவுட். நீங்க எந்த நாட்டுச் சோதனைக்கு அப்ளை பண்ணினீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். "ஏன் சேர்?" என்றேன்.

"இல்ல, அடிப்படை உரிமை மீறப்பட்டா மாகாண நீதிமன்றத்துக்கும் போகலாம் எண்டு எழுதியிருக்கிறீங்க. காலக்கெடு இல்லயாம். ஆறுதலாப் போகலாமாம். பிள்ளை வளர்ந்து, கலியாணம் கட்டிக் குடுத்திட்டும் போகலாம் போல. இஞ்ச அப்பிடி இல்ல அக்கா. நாட்டுக்கே மேல இருக்கிற உயர் நீதிமன்றம் மட்டும்தான். அதுவும் ஒரு மாதத்துக்குள்ள. பிந்தினா, கதவு பூட்டு."

பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை, "சேர், அக்கா வீடியோவில படிச்சவ. நானும் ஒருக்கா கலெக்டர் எண்டு எழுதிட்டன்," என்றாள்.

"ஓம், நீங்க ரெண்டு பேரும் கப்பலேறுங்க. வேலை ஷுவர்," என்றார் சேர். சிரிப்பு இரண்டு பேருக்கும் பங்காகப் போனதில் எனக்கு மூச்சு வந்தது.

காலி வீதியின் இரைச்சலைவிட்டு ஒழுங்கைக்குள் இறங்கி நடந்து வரும்போது கடல் காற்று முகத்தில் அடித்தது. பாண் விற்கும் ஓட்டோ தன் பாட்டைப் போட்டுக்கொண்டு என்னைக் கடந்து போனது. எனக்குள் ஒரே கேள்விதான். இது ஒரு பிழை. இன்னும் எத்தனை? நான் வாசித்துப் பதிந்ததெல்லாம் என் காதுக்குள் ஏறி இருக்கிறதே, அதை எப்படி இறக்குவது?

அடுத்த நாளே எங்கள் அரசியலமைப்பைக் கையில் வைத்துக்கொண்டு புதிதாகப் பதிந்தேன். மத்தியானம் ஓடவிட்டேன். மகள் எழும்பி உட்கார்ந்தாள்.

"இது இல்ல," என்றாள்.

"என்ன இல்ல, குட்டி?"

"இந்த அம்மா இல்ல. மற்ற அம்மா."

"நான்தானே அம்மா. ரெண்டும் அம்மாதானே."

"மற்ற அம்மா!" என்று அழத் தொடங்கினாள். பழையதைப் போட்டேன். குரலைக் கேட்டதும் விசும்பலோடு படுத்தாள். மேல் தட்டில் வெளிச்சம் ஆடியது. உரிமை மீறப்பட்டால் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று மற்ற அம்மா சொல்லிக்கொண்டிருந்தபோது நித்திரையாகிவிட்டாள்.

அவள் நித்திரையானபின் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். பிள்ளை சொன்னது சரி. புதிய குரல் ஓடியது. ஒவ்வொரு வசனத்தின் கடைசியிலும் எச்சில் விழுங்கியது. சொல்லிவிட்டு, திரும்ப எடுத்து, மறுபடி சொன்னது. பழைய குரலுக்கு அவசரமே இல்லை. பின்னால் குக்கர் விசிலடிக்கிறது, மழை பெய்கிறது, மகள் ஏதோ மழலை பேசுகிறாள். ஓரிடத்தில் நான் சிரித்துவிட்டு, "பொறு குட்டி, அம்மா முடிச்சிட்டு வாறன்," என்று சொல்லி, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். தான் பிழை என்று அந்தப் பெண்ணுக்கு இன்னும் தெரியாது. அதனால்தான் அவள் குரல் அவ்வளவு அழகாக இருந்தது.

அழிக்கப் பார்த்தேன். விரல் போய் நின்றது. அழிக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் எனக்கு ஒரே நீளமான மத்தியானமாகத்தான் ஞாபகம் இருக்கின்றன. கதவை ஒருச்சாய்த்து வைத்திருப்பேன். உள்ளே மற்ற அம்மா, வெளியே நான். உள்ளே அவள் பிழையான சட்டத்தைச் சொல்லச் சொல்ல, வெளியே நான் சரியான புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இருப்பேன். முதலில் காதைப் பொத்திக்கொண்டு படித்துப் பார்த்தேன். முடியவில்லை. பிறகு, அவள் பிழைவிடும் இடம் வந்ததும் என்னை அறியாமலே, "இல்லை," என்று வாயால் வரத் தொடங்கியது. "எப்போது வேண்டுமானாலும்," என்பாள். "இல்லை. ஒரு மாதத்துக்குள்," என்பேன். "மாகாண நீதிமன்றத்துக்கும்," என்பாள். "இல்லை. உயர் நீதிமன்றத்துக்கு மட்டும்." அவள் கோபிப்பதே இல்லை. அடுத்த வசனத்துக்குப் போய்விடுவாள்.

சில நாட்களில் கதிரையிலேயே எனக்கும் கண் சொருகும். அப்போது அவளை ஒரு வீட்டில் காண்பேன். அவளுக்கும் கடல் இருக்கும், ஆனால் எங்கள் கடலில் விழுகிற சூரியன் அவளுடைய கடலில் எழும்பும். அவளுக்கு வயதெல்லை இல்லை. அவள் பிள்ளை அவளைத் தேடாது, ஏனென்றால் அவள் எங்கேயும் போக வேண்டியதில்லை. ரயில் போகும், மேசை நடுங்கும், நான் விழித்துக்கொள்வேன். நுண்ணறிவுக் கணக்கு ஒன்று பாதியில் கிடக்கும். பிள்ளையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு நான் செய்கிற வேலை சரியா என்று அப்போதுதான் பயம் பிடிக்கும். எழும்பிப் போய் கதவிடுக்கால் பார்ப்பேன். நித்திரைதான்.

ஒரு நாள் கணவரிடம் கேட்டேன், "பிள்ளைக்குப் பிழையான சட்டத்தைக் கேக்கவிடுறன், பரவாயில்லையா?"

அவர் பால் போத்தலைக் கழுவிக்கொண்டிருந்தார். "நித்திரை கொள்ளுறாள்தானே. அவள் என்ன, வழக்குப் போடவா போறாள்?"

"பகிடி விடாதீங்கோ."

"பகிடி இல்ல. நீ படி."

பரீட்சை நெருங்கியபோது மகளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று ஞாயிறு வகுப்புக்குப் போகவில்லை. காய்ச்சல் விட்ட பிறகும் அவள் என் தோளைவிட்டு இறங்கவில்லை. நான் இந்த முறை எழுதவில்லை என்று முடிவெடுத்து, அதைக் கணவரிடம் சொன்னேன். இந்த முறை இல்லாவிட்டால் எந்த முறையும் இல்லை என்பது அவருக்கும் தெரியும். அவர் என்னை வற்புறுத்தவில்லை. மகளைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "அம்மாட்ட நீயே சொல்லு. அவ கோயில் பாட்டுக்காரருக்குச் சொல்லிட்டா, அந்தக் கிழமை தான் வரமாட்டன், மருமகளுக்குச் சோதனை எண்டு. கொட்டாஞ்சேனை முழுக்கத் தெரியும் இப்ப," என்றார்.

மாமியிடம் சொல்லத் தொலைபேசியை எடுத்தேன். "மகள், பிள்ளைக்கு மத்தியானம் என்ன குடுக்கிறது? பருப்பும் சோறும் போதுமா, மீனும் வேணுமா?" என்று அவர் தொடங்கிவிட்டார். "மீன் முள்ளுப் பாத்துக் குடுங்கோ மாமி," என்று சொல்லிவிட்டு வைத்தேன். சொல்ல எடுத்ததைச் சொல்லவே இல்லை.

பரீட்சை மண்டபம் பொரளையில் ஒரு பாடசாலை. முதல்நாள் பின்னேரமே மகளைக் கொட்டாஞ்சேனையில் விட்டோம். மண்டபத்துக்குள் தொலைபேசி கொண்டுபோக முடியாது. அதனால் அதையும் மாமியிடம் கொடுத்தேன். "சாப்பிட்டாப் பிறகு இதை அமத்துங்கோ மாமி, நித்திரையாயிடுவாள்," என்று போட்டுக் காட்டினேன். மாமி சற்றுநேரம் கேட்டார். "ஐயோ மகள், இதைக் கேட்டா எனக்குமல்லோ நித்திரை வரும். பிறகு பிள்ளையப் பாக்கிறது யார்?"

காலையில் ஓட்டோ பிடித்தேன். என் கையிலிருந்த பேனைப் பையைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "விபாகெத நங்கி?" என்றார் சாரதி. பரீட்சையா தங்கச்சி என்று சிங்களத்தில் கேட்கிறார். "ஓவ்," என்று தலையாட்டினேன். இறங்கும்போது, "ஜயவேவா!" என்று கை காட்டிவிட்டுப் போனார். யாரென்று தெரியாத ஒருவர் எனக்கு வெற்றி சொல்லிவிட்டுப் போனதில் கண் கலங்கியது. எல்லாவற்றுக்கும் கலங்குகிற நிலையில் நான் இருந்தேன்.

சின்னப் பிள்ளைகளின் மேசைகள். முழங்கால் இடித்தது. சுவரில் காகிதத்தில் வெட்டிய பட்டாம்பூச்சிகள், காற்றாடி சுற்றும்போதெல்லாம் ஒரு பக்கச் சிறகை அடித்தன. முதல் தாள் கடந்துபோனது. இரண்டாவது தாள் மத்தியானத்துக்குப் பிறகு, பிள்ளையின் நித்திரை நேரத்தில். மண்டபம் முழுவதும் ஒரு மந்தம் படிந்திருந்தது. நான் தாளைப் புரட்டினேன். அங்கே கிடந்தது. ஓர் அரச நிறுவனத்தில் பாரபட்சமாக நடத்தப்பட்ட ஒரு பிரசை. அவருக்குள்ள பரிகாரம் என்ன, எங்கே, எப்படி?

எழுதப் போனேன். மற்ற அம்மா முந்திக்கொண்டாள். எப்போது வேண்டுமானாலும் போகலாம், என்றாள், அவ்வளவு இனிமையாக. பின்னால் மழை கேட்டது. குக்கர் கேட்டது. இதே நேரத்தில் கொட்டாஞ்சேனையில் அவள் உண்மையாகவே இதைச் சொல்லிக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு வந்தது. பிள்ளை கேட்டுக்கொண்டிருப்பாள். இத்தனை மாதம் அவள் சொல்லித்தான் பிள்ளை கண்ணை மூடியது. அவள் எப்படிப் பிழையாக இருக்க முடியும்? சேர் வகுப்பில் சொன்னதை நான் சரியாகக் கேட்டேனா? புத்தகத்தில் இருந்தது ஒரு மாதமா, மூன்று மாதமா? பேனை தாளைத் தொட்டபடி நின்றது. அந்த இடத்தில் மை ஊறி ஒரு பொட்டுப் பெரிதாகிக்கொண்டு வந்தது.

"இல்லை," என்றேன்.

வாய்விட்டே சொல்லிவிட்டேன். மேற்பார்வை செய்த பெண் திரும்பிப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டேன். எனக்குள் எங்கள் வீட்டுக் கதவு ஒருச்சாய்ந்து இருந்தது, மேசை நடுங்கியது, அதற்கடுத்த வசனம் தானாகவே வந்தது. இல்லை, ஒரு மாதத்துக்குள். உயர் நீதிமன்றத்துக்கு மட்டும். எழுதினேன். அவள் பிழைவிடும் அடுத்த இடம் எனக்குத் தெரியும். அதற்கு என் பதிலும் தெரியும். அவள் சொல்லச் சொல்ல நான் மறுத்து மறுத்து எழுதிக்கொண்டு போனேன். எந்த இடத்தில் அன்றைக்குக் கையை உயர்த்தி வெளியே போனேனோ அந்த இடத்தைக் கடந்துவிட்டேன் என்பதே, மணி அடித்துத் தாளைக் கட்டிக் கொடுக்கும்போதுதான் உறைத்தது. மற்றத் தாள்களையும் அடுத்தடுத்து எழுதி முடித்தேன். ஆனால் என் பரீட்சை என்று எனக்கு ஞாபகம் இருப்பது அந்த மத்தியானம்தான்.

அன்று பின்னேரம் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர்ந்தபோது துறைமுகத்துப் பக்கம் ஏதோ கப்பல் ஊதிக்கொண்டிருந்தது. மகள் பாயில் இருந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். மாமி என்னைக் கண்டதும் பரீட்சை எப்படி என்று கேட்கவில்லை.

"மகள், உன்ட பிள்ளை என்னைப் பயப்படுத்திட்டாள்," என்றார்.

"ஏன் மாமி? அழுதவளா?"

"அழேல்ல. கண்ணை மூடிட்டாள், நான் நித்திரை எண்டு நினைச்சன். போன் தன்ட பாட்டுக்குக் கதைக்குது. ஓரிடத்தில இவள், கண் மூடினபடி, 'இல்ல' எண்டாள். எனக்குத்தான் சொல்லுறாளோ எண்டு பாத்தன். கொஞ்சம் போக, திருப்பி, 'இல்ல. மாசம்' எண்டாள். அது கதைக்கக் கதைக்க இவள் மறுத்துக் கதைக்கிறாள், மகள்! நான் சிலுவை போட்டுக்கொண்டன்."

நான் பாயில் உட்கார்ந்துவிட்டேன். ஒருச்சாய்த்த கதவு. அவளுக்கு நித்திரை வருமுன் கேட்டது உள்ளே இருந்தவளை மட்டுமல்ல, வெளியே இருந்தவளையும்தான். அவள் பாட்டின் இரண்டாவது பாதி நான். மகள் பாதி பிஸ்கட்டை என் வாயில் திணித்தாள்.

பெறுபேறு வர நெடுநாள் ஆனது. எழுத்துப் பரீட்சையில் என் எண் இருந்தது. அதற்குப் பிறகு நேர்முகம்; அதற்கும் போய் வந்தேன். தெரிவாகிவிட்டேன் என்று தெரிந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லாரும் கொட்டாஞ்சேனையில்தான் இருந்தோம். கணவர் தொலைபேசியில் பார்த்து, அப்படியே என்னிடம் நீட்டினார். நான் பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். வேறு யாருடையதோ என்று நினைத்து மூன்றாம் தடவையும் பார்த்தேன். மாமி சட்டென்று பாட்டெடுத்துவிட்டார், கோயிலில் பாடுகிற அதே குரலில், பக்கத்து வீட்டார் எட்டிப் பார்க்கும்வரை.

மகளுக்கு இப்போது மத்தியான நித்திரை விட்டுப்போய்விட்டது. பயிற்சிக்கு நான் போகத் தொடங்கினால் அவள் பாலர் பாடசாலை முடிந்து மாமியிடம்தான் இருப்பாள். அன்று வீட்டில் எல்லாரும் பெரிதாகச் சிரிப்பதைப் பார்த்து அவள் என் மடியில் வந்து ஏறினாள். தொலைபேசியைத் தட்டிப் பார்த்தாள்.

"மற்ற அம்மா எங்க?" என்றாள்.

மாமிதான் பதில் சொன்னார்.

"அந்த அம்மா பெயில், குட்டி. இந்த அம்மா பாஸ்."

மகள் தொலைபேசியைத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"பாவம்," என்றாள்.